கண்மாய்க்கு ஒரு அலுமினியப் படகு: பழையதை வாங்கி வீட்டிலேயே தேற்றுவது எப்படி

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மீன்பிடிக்க மிதப்பது என்றால் பரிசல், ஃபைபர் வள்ளம், இரண்டும் இல்லாதவருக்கு லாரி டியூப். அலுமினியப் படகு அபூர்வம்தான். ஆனாலும் கண்ணில் படாமல் இல்லை. ஏலத்தில் கழித்துக் கட்டிய மீட்புப் படகு, எப்போதோ மூடிய ரிசார்ட்டின் பின்புறம் குப்புறக் கிடப்பது, பழைய இரும்புக் கடையில் சைக்கிள் குவியலுக்கு அடியில் மாட்டியிருப்பது என்று ஏதாவது ஒன்று சிக்கும். தட்டை அடிப்பாகம் கொண்ட 12 அடிப் படகு 45 முதல் 60 கிலோதான் இருக்கும். இரண்டு பேர் தூக்கி பிக்கப் வண்டியில் ஏற்றிவிடலாம். முழங்கால் ஆழத் தண்ணீரிலும் ஓடும். கண்மாய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

டிரில்லிங் மெஷின் பிடிக்கத் தெரிந்த, ஆனால் படகு வேலை பார்த்தே இராதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தை நல்ல தண்ணீர் லேசில் அரிக்காது. அதன்மேல் நாம் கொண்டுபோய் வைப்பவைதான் அரிக்கும்: இரும்பு போல்ட், பித்தளைத் திருகு, தோல் உரிந்த செம்பு வயர், ஈரம் ஊறிய பலகை. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. மேலே சொன்ன உலோகங்களோடு சேர்ந்தால் அதில் கரைந்துபோவது அலுமினியம்தான். படகுக்குள் விழுந்த ஒரு செப்புக் காசு ஈரத்திலேயே கிடந்தால் போதும், அது கிடந்த இடத்தில் ஓட்டை விழும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை இங்கே வைத்தால் அலுமினியத்துக்கு ஆகுமா?

வாங்கும்போது

பழைய இரும்புக் கடையில் படகுக்கும் கிலோ கணக்கில்தான் விலை. இருக்கைகளுக்கு அடியில் மிதவைக்காக அடைத்திருக்கும் ஃபோம் வருடக்கணக்கில் தண்ணீர் குடித்திருந்தால், அலுமினிய விலை கொடுத்துத் தண்ணீரைத்தான் வாங்கிவருவீர்கள். இருக்கையைத் தட்டிப் பாருங்கள். டொங்கென்று கேட்டால் காய்ந்திருக்கிறது, சொத்தென்று கேட்டால் ஊறியிருக்கிறது. ஊறியிருந்தால் ஃபோமைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எடை போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், ஆனால் ஒத்துக்கொள்வார்.

கையில் ஒரு காந்தத்தோடு போங்கள். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது போதும். படகு முழுக்க அதை ஓட்டினால், முன்பு வைத்திருந்தவர் எங்கெல்லாம் இரும்புத் திருகு அடித்தார் என்பது தெரிந்துவிடும். அந்த இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். குத்தூசியால் அழுத்துங்கள். மேலோடு சொரசொரப்பு மட்டுமென்றால் பயமில்லை. ஊசி உள்ளே இறங்கினால் அங்கே ஒட்டுப் போட வேண்டிவரும். நாலைந்து இடத்தில் இறங்கினால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். மோட்டார் மாட்டும் பின்பலகையின் மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டாரின் இழுவை முழுதும் அங்கேதான் விழும்.

யாரிடம் வாங்கினாலும் எழுத்தில் ஒரு ரசீது வாங்கிவிடுங்கள். ஏலச் சரக்காக இருந்தால் அது இன்னும் முக்கியம்.

எந்த மாதம் தொடங்குவது

வடகிழக்குப் பருவமழையில்தான் நம்மூர்க் கண்மாய்கள் நிரம்பும். ஐப்பசி, கார்த்திகைக்குப் படகு தயாராக இருக்க வேண்டுமென்றால் ஆனியிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. அதற்கு முன்பே, அக்னி நட்சத்திர வெயிலில் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை) கலந்தால், தூரிகையை எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். அந்த நாட்களில் காலை எட்டு மணிக்குள் ஒட்டு வேலையை முடித்துவிட வேண்டும். ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள், பெயின்ட் மேல் புழுதி பறக்காதா? ஆடியில் ரிவிட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி) வேலையையும் பலகை வேலையையும் பாருங்கள். பெயின்ட்டை ஆவணிக்குத் தள்ளுங்கள்.

ஒழுகும் இடம் கண்டுபிடிப்பது

பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். படகை நாலு பழைய டயர்மேல் நிமிர்த்தி வைத்து உள்ளே தண்ணீர் விடுங்கள். மூன்று அங்குலம் நிரப்பினாலே 200 கிலோவுக்கு மேல் வந்துவிடும், அதற்குமேல் வேண்டாம். டயர்கள் குறுக்குச் சட்டங்களுக்கு நேர் கீழே இருக்கட்டும். இல்லையென்றால் தகடு தொய்ந்துவிடும்.

வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ரிவிட் வரிசைகள்மேல் டால்கம் பவுடரை உள்ளங்கையால் அப்புங்கள். ஐந்து நிமிடத்தில் ஒழுகும் ரிவிட்டுகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். மெதுவாகக் கசிவதற்கு அரை மணி நேரம் ஆகலாம். ஒவ்வொன்றையும் மார்க்கர் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, வட்டங்கள் தெரியும்படி செல்போனில் படமும் எடுத்துவையுங்கள். கிரைண்டரும் துணியும் போனபிறகு மார்க்கர் வட்டம் எங்கே இருக்கப்போகிறது?

பிரிப்பதும் சுத்தம் செய்வதும்

இருக்கை, பலகை, கார்ப்பெட், ஃபோம், வயர் எல்லாவற்றையும் கழற்றி அலுமினியத்தை மட்டும் மிச்சம் வையுங்கள். சுத்தம் செய்யும்போது தெரிய வேண்டியவை கொஞ்சம்தான். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கிருந்தே அரிப்புத் தொடங்கும். நைலான் பிரஷ், பச்சைத் தேய்ப்பு நார், வேறு உலோகத்தில் படாத புது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிரஷ் ஆகியவை பரவாயில்லை. காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் பக்கமே போகாதீர்கள். அது அலுமினியத்தையே கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். வெள்ளைப் பொடிக்கு வினிகரும் நாரும் போதும். கிரைண்டரில் கல் டிஸ்க் மாட்டினால் அலுமினியம் அதில் அப்பிக்கொள்ளும், சூடேறி டிஸ்க் சிதறவும் கூடும். அதற்கு உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட ஃபிளாப் டிஸ்க் வாங்குங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் பழைய பெயின்ட்டைத் தேய்க்க வேண்டாம்.

ரிவிட்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஒழுகும் ரிவிட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பாதிக்கு மேல் வெறுமனே தளர்ந்திருக்கும். வெளியில் ஒருவர் கனமான இரும்புக் கட்டியை ரிவிட் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் சுத்தியலால் அதன் வாலை ரெண்டு மூன்று முறை நிதானமாக அடித்தால் இறுகிவிடும். கட்டி இரண்டு கிலோவாவது இருக்கட்டும், முகம் மழமழப்பாக இருக்கட்டும். பட்டறையில் கேட்டால் வெட்டிப் போட்ட ஷாஃப்ட் துண்டு ஒன்று கிடைக்கும். இதற்கு இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். பொறுமைசாலியான ஒரு மச்சானைப் பிடித்துவையுங்கள்.

அடித்தும் ஆடினால் மாற்றிவிட வேண்டும். தலையின் நடுவில் புள்ளி குத்தி, ரிவிட் தண்டைவிடக் கொஞ்சம் சிறிய டிரில்லால் தலையளவுக்கு மட்டும் துளையிட்டு, தலையை உளியால் தட்டி எடுத்துவிட்டு, தண்டைப் பின்பக்கமாகத் தள்ளுங்கள். முழு ஆழத்துக்கும் துளைத்தால் தகட்டின் ஓட்டை பெரிதாகிவிடும்.

புது ரிவிட் அலுமினியத்தில், உள்ளீடற்றதாக இல்லாமல் கெட்டியாக இருக்க வேண்டும். சிறு படகுகளில் பெரும்பாலும் 4.8 மி.மீ. தண்டு. நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: சேரும் தகடுகளின் மொத்தத் தடிப்போடு தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு. ஒன்றரை மி.மீ. தகடுகள் இரண்டு சேரும் இடத்தில் 3 மி.மீ. கூட்டல் 7.2 மி.மீ., சுமாராக 10 மி.மீ. நீளம். அடித்து முடித்ததும் உள்பக்கத் தலை ஏறக்குறைய 7 மி.மீ. அகலமும் இரண்டரை மி.மீ. உயரமும் இருந்தால் சரியான அடி. அதைவிடத் தட்டையாகிவிட்டால் ஓரம் வெடிக்கும். அடிப்பதற்கு முன் தண்டைப் பாலியூரித்தேன் சீலன்ட்டில் முக்கி எடுத்தால் ஊசித் துவாரமும் அடைந்துவிடும்.

நாயக்கர் புதுத் தெரு ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் பலரும் முதலில் எடுத்து வைப்பது பாப் ரிவிட்தான். “அண்ணே, கதவு, ஜன்னல் எல்லாம் இதுலதான் நிக்குது, படகு நிக்காதா?” என்று கேட்பார்கள். கதவு தண்ணீரில் மிதப்பதில்லை. சாதாரணப் பாப் ரிவிட்டின் நடுவில் ஓட்டை, அதற்குள் இரும்புத் தண்டு. இன்று ஒழுகும், நாளை துருப்பிடிக்கும். பின்னால் கை நுழையாத இடங்களில் மட்டும், முனை மூடிய ரகத்தைக் கேட்டு வாங்கிப் போடலாம்.

சிலிகான் சீலன்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை ஒருமுறை அப்பிவிட்டால் அதன்மேல் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு ஒட்டும் ஒட்டாது. புளித்த வாடை வரும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், உலோகத்துக்கு அது ஆகாது. முந்தையவர் அப்பியிருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்தபிறகுதான் மற்ற வேலை.

விரிசலும் ஓட்டையும்

விரிசலின் இரண்டு நுனியிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், அதற்குமேல் ஓடாது. பிறகு ஒட்டுத் தகடு. தண்ணீரில் அரிப்பைத் தாங்கும் 5052 ரக அலுமினியத் தகடு கிடைத்தால் நல்லது. படகுத் தகட்டின் அதே தடிப்பில், மூலைகளை வட்டமாக வெட்டி, இடையில் சீலன்ட் பூசி, சுற்றிலும் அங்குலத்துக்கு ஒன்றாக ரிவிட் அடிக்க வேண்டும். கூர்மூலை விட்டால் அதுவே அடுத்த விரிசலுக்குத் தொடக்கம்.

ஆர்கான் வெல்டிங் வைத்துவிடலாமா என்று எல்லோருக்கும் தோன்றும். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் அலுமினியத்தில் பழகிய கைகள் கிடைக்கும். ஆனால் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும், அதன் மேல்படலமான ஆக்சைடு உருகச் சுமார் 2,000 டிகிரி வேண்டும். போதாதற்கு, உருகப்போகிறது என்று இரும்பைப்போலச் சிவந்து காட்டவும் செய்யாது. ஒன்றரை மி.மீ. தகட்டில் ஒரு நொடி பிசகினால் விரல் நுழையும் ஓட்டை. ரிவிட் வரிசைக்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்தால் சூட்டில் உள்ளிருக்கும் சீலன்ட் கருகி, நேற்றுவரை ஒழுகாத ரிவிட்டும் ஒழுகும். தடித்த பாகங்களுக்கு வெல்டிங், மெல்லிய தகட்டுக்கு ரிவிட். என் அபிப்பிராயம் அதுதான்.

பின்பலகை

மோட்டார் மாட்டும் பின்சுவரில் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு பலகை இருக்கும். பழைய படகில் அது பெரும்பாலும் காபித்தூள் நிறத்தில் மக்கிப்போயிருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதற்கு முன், வடிவத்தை அட்டையில் வரைந்துகொள்ளுங்கள்.

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட், 18 மி.மீ. இரண்டு. எபாக்சி பூசி ஒன்றோடொன்று ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விட்டால் 36 மி.மீ. கட்டை தயார். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பூச்சியும் பூஞ்சையும் தின்னாமலிருக்க இந்த ரகப் பிளைவுட்டில் மருந்து ஏற்றுவார்கள், அந்த மருந்தில் தாமிரம் இருக்கக்கூடும். மரம் ஈரமானால் தாமிரம் கசிந்து அலுமினியத்தைத் தின்னும். அதனால் ஆறு பக்கமும், முக்கியமாக வெட்டு விளிம்புகளில், மூன்று கை எபாக்சி ஓட்டுங்கள். விளிம்பு முதல் பூச்சை உறிஞ்சிக்கொண்டே போகும், குடித்து முடிக்கும்வரை கொடுங்கள்.

போல்ட் துளைதான் அடுத்த வாசல். துளையை ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டு, அதை எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைத்தால் போல்ட் மரத்தையே தொடாது. போல்ட் எஸ்.எஸ். 304 அல்லது 316 ஆக இருக்கட்டும், நைலான் வாஷர் போட்டு, சீலன்ட் தடவி முறுக்குங்கள். வேலை மிச்சம் என்று பலகையை ஃபெவிகால் போட்டு ஒட்டி எனாமல் அடித்து மாட்டினால், இரண்டு மழைக்காலத்தில் திரும்பவும் காபித்தூள்தான்.

மிதவை

எடுத்துப் போட்ட ஃபோமுக்குப் பதில் ஃபோம் வைத்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் மீன் பெட்டி வைக்கலாமே என்ற ஆசையை அடக்குங்கள். ஒரு லிட்டர் ஃபோம் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். படகு, மோட்டார், ஈய பேட்டரி எல்லாம் மூழ்காமல் நிற்க 70 லிட்டர் போல வேண்டும். கவிழ்ந்தால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மிதக்கவும் சேர்த்து 100 முதல் 120 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி வெப்பத் தடுப்புக்கு விற்கும் எக்ஸ்.பி.எஸ். பலகை அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது, இதற்கு அதுவே தோது. பெட்ரோல் பட்டால் அதுவும் கரையும், தெர்மாகோலும் கரையும்; தெர்மாகோல் உதிரவும் செய்யும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகள் காற்றுக்குக் கரை ஒதுங்கிய கதை நம் ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபோமைப் படகின் அடித்தட்டோடு ஒட்ட வைக்காமல் அரை அங்குலம் இடைவெளி விட்டால் தேங்கும் தண்ணீர் வடிந்து ஓடும்.

பெயின்ட்

தேய்த்த அலுமினியத்தில் சில மணி நேரத்துக்குள் ஆக்சைடு படலம் மறுபடி தடிக்கத் தொடங்கும். காலையில் தேய்த்தால் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். பிரைமர் என்றால் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர். வீட்டில் மிச்சமிருக்கும் ரெட் ஆக்சைடு இரும்பு கேட்டுக்குப் போகட்டும், அலுமினியத்தில் பிடிக்காமல் அப்பளமாக உரிந்து வரும். அதன்மேல் இரண்டு கை பாலியூரித்தேன் பெயின்ட். உள்பக்கத்துக்குச் சந்தன நிறமோ இளஞ்சாம்பலோ அடியுங்கள். கறுப்பும் கரும்பச்சையும் பார்க்க எடுப்பாக இருக்கும், சித்திரை வெயிலில் உட்கார முடியாது. நடக்கும் இடங்களில் ஈரப் பெயின்ட்மேல் சலித்த நைஸ் மணலைத் தூவி, காய்ந்தபின் இன்னொரு கை அடித்தால் வழுக்காது.

நம் தண்ணீருக்கு ஏற்ற மாற்றங்கள்

இணையத்தில் வெளிநாட்டுப் படகுகளைப் பார்த்துவிட்டு, உயரமான மேடை, கார்ப்பெட், அடுக்கடுக்காகப் பெட்டி என்று இறங்கிவிடுகிறார்கள். 12 அடிப் படகில் மேடையை ஒரு அடி உயர்த்தி அதன்மேல் நின்றால், வலையை வீசும்போது ஆளும் சேர்ந்து போவார். படகின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி 15ஆல் வகுத்தால் எத்தனை பேர் ஏறலாம் என்பது சுமாராக வரும். 12க்கு 4 என்றால் மூன்று பேர். பெட்டியும் பேட்டரியும் ஏற ஏற அந்த மூன்று இரண்டாகிவிடும். மேடை வேண்டுமென்றால் 25 மி.மீ. அலுமினிய ஆங்கிளில் சட்டம் கட்டி, எபாக்சி பூசிய 9 மி.மீ. பிளைவுட்டை இருக்கை உயரத்துக்குக் கீழேயே போடுங்கள். கார்ப்பெட் ஈரத்தைப் பிடித்துவைக்கும், வேண்டாம்.

நம் கண்மாய்களில் உண்மையான எதிரி சீமைக்கருவேலக் கட்டை. கோடையில் வெட்டிவிட்டுப் போன தூர், தண்ணீர் ஏறியதும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக அடித்தட்டில் நீளவாக்கில் இரண்டு மூன்று அலுமினியப் பட்டைகளை ரிவிட் அடித்துவிடுங்கள், உரசல் பட்டையோடு போகும். இன்னொன்று ஆகாயத்தாமரை. மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டால் நடுக்கண்மாயில் நிற்க வேண்டியதுதான். அதனால் 12 அடி மூங்கில் கழி ஒன்றும் துடுப்பு இரண்டும் எப்போதும் படகில் இருக்கட்டும். ஆழம் குறைந்த கண்மாயில் கழி ஊன்றிப் போவதுதான் மோட்டாரைவிடத் தோது, விராலும் சத்தம் கேட்டு ஓடாது.

மோட்டார் வேண்டும் என்பவர்களுக்கு 12 வோல்ட் மின்மோட்டார் போதும். 30 பவுண்டு இழுவையுள்ளது முழு வேகத்தில் 30 ஆம்பியர் போல இழுக்கும். 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ஈய பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதால் முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடும், நிதானமாகப் போனால் இன்னும் பல மணி நேரம். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வைக்காதீர்கள். பெரிய ரகம் 50 கிலோவைத் தாண்டும், அது இன்னொரு ஆள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதே 100 ஏ.எச்.க்குச் சுமார் 12 கிலோ, விலைதான் கடிக்கும். பேட்டரி எதுவானாலும் மூடியுள்ள பெட்டியில் இருக்கட்டும், அதன் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள், வயர் 10 சதுர மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். வண்டியில் செய்வதுபோல் படகின் உடம்பையே எர்த்தாக்கி ஒற்றை வயர் இழுத்தால், நாமே மின்சாரம் வைத்துப் படகைக் கரைக்கிற கதையாகிவிடும். இரண்டு வயரும் பேட்டரி வரை தனித்தனியே வர வேண்டும்.

இறக்குவதற்கு முன்

கண்மாய் மீன்பாசி (மீன்பிடி உரிமை) பெரும்பாலும் ஏலத்தில் போயிருக்கும். குத்தகைதாரரிடம் கேட்காமல் இறங்கினால் ஜிலேபிக் கெண்டை ஒன்று பிடித்தாலும் வம்புதான். ஊராட்சியிலோ நீர்வளத்துறையிலோ யார் குத்தகை எடுத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வைகை அணைக்குத் தனியாக அனுமதி வேண்டும், மோட்டார் விடலாமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இயந்திரம் பொருத்திய படகென்றால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலன்கள் சட்டத்தின்படி பதிவு உண்டு.

முதல் நாள் ஆளில்லாமல் கயிற்றில் கட்டி அரை மணி நேரம் மிதக்கவிடுங்கள். உள்ளே காய்ந்த செய்தித்தாளை விரித்துவைத்தால் எந்த ரிவிட் மிச்சமிருக்கிறது என்று ஈரம் காட்டும். அடுத்து ஒருவர், லைஃப் ஜாக்கெட் போட்டு, இடுப்பளவு ஆழத்துக்குள். வடிகால் துளை அடைப்பானை முறுக்கிவிட்டோமா என்று ஏறுவதற்கு முன் தொட்டுப் பாருங்கள், உபரியாக ஒன்றை வண்டிச் சாவியோடு கோத்துவையுங்கள். திரும்பியதும் அடைப்பானைக் கழற்றிவிட்டு, செங்கல்மேல் மரக்கட்டை போட்டு அதன்மேல் படகைக் குப்புறக் கவிழ்த்துங்கள். முதல் மாத ஓட்டமெல்லாம் முடிந்தபின் ரிவிட் வரிசையை விரலால் ஒருமுறை தடவுங்கள். ஆடுவது ஒன்றிரண்டு இருக்கும், மச்சானைக் கூப்பிட்டு அவற்றை மட்டும் தட்டிக்கொள்ளலாம்.